அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள்

பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம், டிராவல்ஸ் கடைகளில் பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரின் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நிரப்புகிறீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் பின்னால் சிக்கல் என்று ஆதார் அட்டையை இரண்டு தடவை பார்க்கிறீர்கள். ஆனால் கடைசிப் பக்கங்களில் 'உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா, கைது செய்யப்பட்டதுண்டா' என்று கேள்விகள் வரிசையாக வரும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'நோ' அடித்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறீர்கள். நான் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர். நீங்கள் அடித்த 'நோ' சில ஆண்டுகள் கழித்து ஒரு கட்டுக் காகிதமாக என் மேசைக்கு வருகிறது. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் நெருக்கடி தெரியும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற நேரத்தில் சர்வர் இழுக்கும். பின்னால் நாலைந்து பேர் நிற்பார்கள். அந்த இடத்தில் ஒருவரைப் பார்த்து 'உங்க மேல கேஸ் ஏதும் இருக்கா' என்று கேட்பது அவரை அவமானப்படுத்துவதாகத் தோன்றும். 'என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது' என்று எகிறிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கமும் இருக்கும். கேட்காமல் விடுவதே மரியாதை என்று நினைத்துவிடுகிறீர்கள். அந்த மரியாதைக்கான விலையைக் கடைசியில் கொடுப்பவர் அவர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு வெல்டரைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வயதில், ஊர்த் திருவிழாவில் ரேடியோ செட்டை எந்தத் தெரு வரை கட்டலாம் என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு. கைகலப்பு. ஒருவருக்கு உதடு கிழிந்தது. இரண்டு பக்கமும் புகார் கொடுக்க, கேஸும் கவுன்ட்டருமாக இரண்டு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். நம் ஊர் அடிதடி வழக்கு எதை எடுத்தாலும் இருக்கிற அதே பிரிவுகள்: இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506. (2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 296(பி), 115(2), 351 என்று மாறியிருக்கின்றன. பழைய வழக்குகள் பழைய எண்களிலேயே இருக்கும்.) இரண்டு வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போனது. கடைசியில் யாரோ சொன்னார்கள், 'எத்தனை வாய்தாவுக்குத்தான் லீவு போடுவே, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போ.' பேர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினான். 'குற்றத்தை ஒத்துக்கிறியா?' 'ஆமாங்கய்யா.' ஆயிரம் ரூபாய் அபராதம், நீதிமன்றம் கலையும் வரை இருக்க வேண்டும். சாயங்காலம் வரை கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். கேஸ் முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தார்.

அன்று நடந்ததைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை அவனிடம் யாருமே சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டித்துவிட்டது என்றே பொருள். 'கோர்ட் கலையும் வரை' என்பதும் வெறும் காத்திருப்பு அல்ல, சிறைத் தண்டனையின் மிகச் சிறிய வடிவம். எதிர்த்தரப்போடு சமரசம் செய்துகொண்டு, சட்டம் அனுமதிக்கிற பிரிவுகளில் நீதிமன்றம் அந்தச் சமரசத்தைப் பதிவு செய்திருந்தால் அது விடுதலைக்குச் சமம். சாட்சிகள் வராமலோ பிறழ் சாட்சியாகியோ வழக்கு தோற்றிருந்தால் அதுவும் விடுதலை. ஒப்புக்கொண்டது மட்டும் தண்டனை. ஊரில் மூன்றுக்கும் 'கேஸ் முடிஞ்சுது' என்ற ஒரே பேச்சுத்தான். உங்கள் கடைக்கு வருகிறவரும் அதையேதான் சொல்வார், அதுவும் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்.

அந்த வெல்டர் எட்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தான். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டறை அவனுக்கு ஸ்பான்சர் செய்ய முன்வந்தது. ஊருக்கு வந்து ஒரு கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினார்கள். எந்த நாட்டிலாவது எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி அதில் இருந்தது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்ட தண்டனையானாலும் சொல்லுங்கள் என்றே அந்த நாட்டுப் படிவம் கேட்கிறது. கடைக்காரர் 'நோ' அடித்தார். போலீஸ் சரிபார்ப்பில் பழைய வழக்கு வெளியே வந்தது. ஆவணத்தில் இருப்பது விண்ணப்பத்தில் இல்லை. விசா மறுக்கப்பட்டது, தவறான தகவல் கொடுத்தவர் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு விழுந்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு அங்கே பெரும்பாலான விசாக்கள் கிடைக்காது.

என் மனம் ஆறாதது இந்த இடத்தில்தான். ஆஸ்திரேலியாவின் 1958ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் நன்னடத்தைச் சோதனை பற்றி 501ஆம் பிரிவு பேசுகிறது. 'கணிசமான குற்றப் பின்னணி' என்று அது சொல்வது 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவரை. ஆயிரம் ரூபாய் அபராதமும் ஒரு பகல் பெஞ்சும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. திருவிழாச் சண்டையை உள்ளபடி எழுதி, தீர்ப்பு நகலை இணைத்திருந்தால், பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சின்ன வழக்காக அதிகாரி அதைப் பார்த்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவனை வீழ்த்தியது பழைய குற்றம் அல்ல, இரண்டு நொடியில் அடிக்கப்பட்ட டிக்.

'நான் அடிக்கல சார், கடையில அடிச்சாங்க' என்று அவன் சொன்னான். உண்மைதான், ஆனால் பயன்படவில்லை. உறுதிமொழியில் இருந்தது அவன் பெயர். யார் நிரப்பினாலும் விண்ணப்பதாரரே பொறுப்பு என்பதுதான் ஏறக்குறைய எல்லா நாட்டு விதியும்.

நாட்டுக்கு நாடு கேள்வி வேறு என்பது இந்த வேலையில் இருக்கிற உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஒரே ஆள், ஒரே வழக்கு. ஆனால் ஒரு படிவத்தில் 'இல்லை' என்பது உண்மை, இன்னொன்றில் 'ஆம்' என்பது உண்மை.

நம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றீர்களா என்று அது கேட்கிறது. நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்பது தனிக் கேள்வி. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2) பிரிவிலிருந்து வருகிற கேள்விகள் இவை. நம் வெல்டர் இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதலாம், அது பொய்யாகாது. அவனுடைய தண்டனை இரண்டாண்டு இல்லை, வழக்கும் நிலுவையில் இல்லை. கேட்காததைத் தானாக எழுதிக் கொடுத்துத் தலையைச் சொறிய வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

அதே ஆள் சிங்கப்பூர் வேலை அனுமதிக்குப் போனால் எந்த நாட்டு நீதிமன்றத்திலாவது எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்பார்கள். அதில் ஐந்து ஆண்டு, இரண்டு ஆண்டு என்ற வரம்பு எதுவும் கிடையாது. அமெரிக்காவின் டி.எஸ்.160 படிவம் இன்னும் ஒரு படி மேலே போய், மன்னிப்பு கிடைத்திருந்தாலும்கூட, எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா அல்லது தண்டிக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறது. தூத்துக்குடிப் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சி1/டி விசாவுக்கு நிரப்புவதும் இதே படிவத்தைத்தான். வழக்கில் விடுதலையாகியிருந்தாலும், கைதாகியிருந்தால் பதில் 'ஆம்'. படிவத்தில் விளக்கம் எழுதி, விடுதலைத் தீர்ப்பின் நகலை நேர்காணலுக்குக் கையோடு கொண்டுபோக வேண்டும். இதில் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் அமெரிக்காவுக்குள் நுழைய ஆயுள் முழுக்கத் தடை, சிறப்பு விலக்கு வாங்கினால் தவிர. உண்மையைச் சொன்னவருக்கோ, ஓராண்டுக்கு மேல் தண்டனை விதிக்க முடியாத ஒரே ஒரு சிறு குற்றம், கிடைத்த தண்டனையும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் அதைப் பொருட்படுத்தாமல் விட அந்த நாட்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

பொய்க்கு ஒவ்வொரு நாடும் தனியாக விலை வைத்திருக்கிறது. கனடாவில் ஐந்து ஆண்டுத் தடை. பிரிட்டனில் ஏமாற்ற முயன்றதாக முடிவானால் பத்து ஆண்டு வரை. சிங்கப்பூரில் வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய் சொல்வது குற்றம், 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. நம் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பொய்த் தகவலுக்கும் முக்கியமான தகவலை மறைப்பதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அதற்குத் துணை போனவருக்கும் அதே தண்டனை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் டி.எஸ்.160இல் இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது அல்லவா, அதற்கும் பல கடைகளில் 'நோ' அடிக்கிறார்கள். அதுவும் ஒரு பொய்தான், அதுவும் அவர் தலையில்தான் விடிகிறது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கை யாரும் வழக்காகவே நினைப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வருகிறார்கள், டிராஃபிக் ஃபைன் என்று மறந்துவிடுகிறார்கள். கனடா 2018 டிசம்பர் 18 முதல், போதையில் வண்டி ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையைப் பத்து ஆண்டாக உயர்த்தியது. அதனால் அங்கே அது கடுமையான குற்றங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. தண்டனை முடிந்து ஐந்து ஆண்டு கழிந்த பிறகு, திருந்தியவராக ஏற்கும்படி தனியாக விண்ணப்பிக்கலாம். வழி இருக்கிறது. ஆனால் கேஸே இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வழியும் அடைபடும். கனரக வாகன ஓட்டுநர்களிடம் விபத்து வழக்கையும் கேளுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 279, 337, 304(ஏ) என்று ஒரு வழக்காவது இல்லாமல் இருபது வருடம் லாரி ஓட்டியவர்கள் குறைவு. அவர்களில் பலருக்கு அது எப்படி முடிந்தது என்றே தெரியாது. வக்கீலை வைத்தது முதலாளி, கட்டியது இன்ஷூரன்ஸ், அதோடு மறந்துவிட்டார்கள்.

இனி பி.சி.சி. விஷயம். போலீஸ் நற்சான்று சுத்தமாக வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் 'நோ' போடலாம் என்ற நம்பிக்கை உங்களில் பலருக்கு இருக்கிறது. அது தவறு. பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் அந்தச் சான்று, குறிப்பிட்ட நாட்டுக்குப் பயணம் செய்யத் தகுதி இழக்கச் செய்யும் பாதகமான தகவல் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. வாழ்நாளில் தண்டனையே பெறாதவர் என்று அது சொல்லவில்லை. சரிபார்ப்பு இப்போது குடியிருக்கும் ஊர்க் காவல் நிலையம் வழியாக நடக்கிறது. திருப்பூரில் பத்து வருடமாக இருப்பவருக்குச் சொந்த ஊர் வழக்கு அதில் வராமல் போகலாம். நாளை வேறொரு சரிபார்ப்பில் வரலாம். சான்று எப்படி வந்தாலும் படிவம் கேட்கும் கேள்விக்குப் பதில் மாறாது.

வளைகுடாவுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று சொல்வதையும் கேட்கிறேன். குவைத் நெடுநாளாக பி.சி.சி. கேட்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2018 பிப்ரவரியில் நன்னடத்தைச் சான்று கட்டாயம் என்றது, ஏப்ரலிலேயே நிறுத்தி வைத்தது. சவுதி 2022 ஆகஸ்டில் இந்தியத் தொழிலாளர்களிடம் கேட்கத் தொடங்கி, நவம்பரில் விலக்கு அளித்தது. இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில் கையில் வேலையை வைத்துக்கொண்டு சான்றுக்காக பாஸ்போர்ட் சேவை மையங்களின் வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்று கேட்காத நாடு அடுத்த மாதம் கேட்கும். அன்றைக்குத் தேடி ஓடுவதைவிட, வழக்கு என்னவாக முடிந்தது என்ற காகிதம் இன்றே கையில் இருப்பது நல்லது.

இதுவரை ஆண்களையே சொன்னேன். பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை என்று நினைக்கிறீர்கள். போன வருடம் என்னிடம் வந்தவர் ஒரு நர்ஸ், பிரிட்டனுக்குப் போகத் தேர்வெல்லாம் எழுதி முடித்தவர். அண்ணன் மனைவி கொடுத்த வரதட்சணைப் புகாரில் 498(ஏ) பிரிவில் நாத்தனாராக இவர் பெயரும் இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் பிரிந்து அவரவர் வழியில் போய்விட்டார்கள். குற்றப்பத்திரிகை மட்டும் நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் 'வழக்கு நிலுவையில் இல்லை' என்று போயிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை.

நிலுவையிலுள்ள வழக்குக்கு வழி என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவலாம். 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) என்ற மத்திய அரசு அறிவிப்பு இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தாலும் அந்த நீதிமன்றமே வெளிநாடு செல்ல அனுமதித்து உத்தரவிட்டால் பாஸ்போர்ட் வழங்கலாம் என்கிறது அது. உத்தரவில் காலம் குறிப்பிட்டிருந்தால் அவ்வளவு காலத்துக்கு, எதையும் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு. ஆகவே மனுப் போடும்போதே எத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பது மட்டுமே நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாக ஆகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதைக் கையில் எடுத்த பிறகுதான் ஆகும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலும் அப்படிப் பல உத்தரவுகள் உண்டு. பாஸ்போர்ட் படிவத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கைதைப் பற்றிக் கேட்கிற வெளிநாட்டுப் படிவத்தில் இது செல்லாது.

வழக்கு இருப்பதே தெரியாதவர்களும் நிறைய. கொரோனா ஊரடங்கில் வண்டியைப் பிடித்து 188ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்களே, அதில் எத்தனை பேர் சாவியைத் திரும்ப வாங்கியதோடு மறந்துவிட்டார்கள். ஊரடங்கு மீறல் வழக்குகள் திரும்பப் பெறப்படும், வன்முறை, இ-பாஸ் மோசடி போன்றவை நீங்கலாக, என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அறிவிப்பு வேறு, உங்கள் எதிரே இருப்பவரின் வழக்கு எண் நீதிமன்றப் பதிவில் முடிந்ததா என்பது வேறு. கூடங்குளம் அணு உலைப் போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கும்படி 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் இடிந்தகரைப் பக்கத்துப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். உங்கள் கையில்தானே கணினி இருக்கிறது, இரண்டு நிமிடம் செலவழித்துத் தேடிப் பாருங்கள்.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்தவை தனி. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டுப் பெரியவராக விசாரிக்கப்பட்ட கடுமையான வழக்குகள் மட்டும் விதிவிலக்கு. அப்படி ஒருவர் வந்தால் நீங்களே முடிவு செய்யாமல் வக்கீலிடம் அனுப்பிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சொன்னதாலேயே வேலை போன ஆட்களும் உண்டு. ஒரு கம்பெனிக்கு இருபது பேர் தேவை, முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், கேஸ் என்று எழுதியவனின் காகிதத்தை ஏஜென்ட் அடியில் தள்ளிவிடுவார். அது அநியாயம். நம் நாட்டில் இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனை காலாவதியாகிவிடும் என்று பொதுவான சட்டம் ஒன்று இல்லை. பத்தொன்பது வயதில் கட்டிய ஐந்நூறு ரூபாய் அபராதம் ஐம்பது வயதிலும் கூடவே வருகிறது. பிரிட்டனில் 1974லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது, ஆனால் விசா கேட்டு வருகிற வெளிநாட்டவர் விஷயத்தில் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. உழைத்துப் பிழைக்கப் போகிறவனிடம் உலகம் இவ்வளவு கணக்குப் பார்ப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அந்தச் சட்டம் நமக்கும் வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். ஆனால் அது வரும்வரை, சொல்வதா வேண்டாமா என்ற முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகலாம், மறைத்தால் என்ன ஆகலாம் என்று தெரிந்துகொண்டு, இந்த நாடு வேண்டாம், வேறு நாடு பார்க்கிறேன் என்றுகூட அவர் தீர்மானிக்கலாம். அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் ஒரு பொய்யை எழுத உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

அதனால் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதையும் சொல்கிறேன். மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, 'அண்ணே, இது எல்லார்கிட்டயும் கேக்குற கேள்விதான். எப்பவாவது, எந்த ஊர் ஸ்டேஷன்லயாவது உங்க பேர்ல கேஸ் போட்டாங்களா? கோர்ட்டுல ஃபைன் கட்டினீங்களா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க, இப்பவே சரியா எழுதிடலாம்' என்று கேளுங்கள். கூட மாமனாரோ மைத்துனரோ வந்திருந்தால், ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். பெண் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டு ஆட்களின் முன்னால் எவனும் கேஸ் இருந்தது என்று சொல்ல மாட்டான். அவர் தயங்கினால் அன்றைக்கே சப்மிட் கொடுக்காதீர்கள். சேமித்து வையுங்கள், யோசித்துவிட்டு வரட்டும். அவர் சொன்னது உங்கள் கடையைத் தாண்டி டீக்கடைக்குப் போகக் கூடாது. சின்ன ஊரில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் 'எல்லாத்துக்கும் நோ போட்டு அனுப்பு' என்று குரல் செய்தி அனுப்பினால், விண்ணப்பதாரர் சொன்னபடிதான் போடுவேன் என்று பதில் அனுப்பிவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் ஏஜென்ட் அடுத்த ஆளை அனுப்பிவிடுவார். உங்கள் கடையும் திறந்துதான் இருக்கும். பாஸ்போர்ட்டில் கறையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர், வட்டிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியவர்தான்.

பதில் 'ஆம்' என்று வந்தால் கையில் தீர்ப்பு நகல் வேண்டும். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நகல் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். வழக்கு எண் தெரியாவிட்டால் காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும் போதும், அவற்றிலிருந்து பிடித்துவிடலாம். பழைய சிறு வழக்குகளின் கட்டுகளை நீதிமன்றங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும். அப்படியானால் அழிக்கப்பட்டுவிட்டது என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதையும் தூதரகத்துக்கு ஆவணமாகக் கொடுக்கலாம். அதோடு ஒரு பக்க விளக்கம்: எப்போது, என்ன நடந்தது, என்ன தண்டனை, எப்போது கட்டி முடித்தது, அதன் பிறகு எதுவும் இல்லை. நீட்டி முழக்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவரை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள், பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அந்த எண்ணை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நடுவர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்